நார் போகும் திசை

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல்களில் எங்கள் தந்தையும் ஒருவர். அந்தத் தோணி வாழ்வைச் சொல்லும் ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பலர் அதை ஏட்டில் அறிந்தனர். எங்கள் வீட்டில் எஞ்சியிருந்ததோ, உடைக்கப்பட்ட தோணியொன்றிலிருந்து அவர் கொண்டுவந்து வைத்த ஒற்றைப் பலகை. அவர் மறைந்தபின், அவருடைய படத்தை வைக்க அதிலிருந்து ஒரு தட்டு செய்வதென உடன்பிறந்தோர் மூவரும் தீர்மானித்தோம்.

ஆணிகளைப் பிடுங்கி, பலகையை இழைத்து, விளிம்புகளை உருட்ட ஒரு ரூட்டரை வாடகைக்கு எடுத்தோம். நீளவாட்டு விளிம்புகளை முதலில் முடித்தோம். கடைசியாக, நார் வெட்டுண்டு நிற்கும் குறுக்குமுனையில் கருவியை ஓட்டினோம். முனையைத் தாண்டிய கணத்தில் மூலை பிய்ந்து தெறித்தது.

ஒரு காலத்தில் வாச்சி பிடித்துத் தோணி கட்டிய முதிய ஆசாரியார் ஒருவரிடம் பலகையைக் கொண்டுபோனோம்.

"தம்பிமாரே, மரத்தப் பாத்தியளா, மிஷினப் பாத்தியளா?" என்றார். இரண்டையும் பார்க்கவில்லை என்பதே உண்மை.

மேலிருந்து நோக்கினால் ரூட்டரின் வெட்டலகு வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றி இடஞ்சுழியாக, அலகின் சுழற்சிக்கு எதிராகக் கருவியை நகர்த்தவேண்டும். சுழற்சியோடு சேர்ந்து போனால் அலகு சக்கரம்போல் உருண்டு கையைப் பறித்துக்கொண்டு ஓடும். குறுக்குமுனைகளையே முதலில் வெட்டவேண்டும். மூலையில் சிறிது பெயர்ந்தாலும், பின்னர் நீளவாட்டில் ஓட்டும்போது அது சீவுண்டு போகும். அலகு வெளியேறும் பக்கத்தில் ஒரு வீண்கட்டையை இறுக்கிவைத்தால் நாருக்குத் தாங்கல் கிடைக்கும். ஒரே வீச்சில் ஆழமாக வெட்டாமல் சிறிது சிறிதாக இறக்கவேண்டும்.

வாச்சியில் வேலை செய்கையில், நார் எதிர்த்து எழும்பும் இடத்தில் பலகையின் மறுமுனைக்குப் போய் நின்றுகொள்வாராம். இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் முன்யோசனை கூடுதலாக வேண்டும் என்றார்.

பழுதுபட்ட முனையில் ஓரங்குலம் அறுத்துவிட்டு, அவர் சொன்ன முறைப்படி மீண்டும் ஓட்டினோம். நான்கு மூலைகளும் பிசிறின்றி வந்தன. ஆனால் அறுத்தெறிந்த அந்த அங்குலத்தில்தான் தோணியின் பழைய ஆணித்துளை இருந்தது. பலகையில் வேறு துளைகள் இருந்தும், துருவின் கறை படிந்த துளை அது ஒன்றே.

தட்டு இப்போது சுவரில் இருக்கிறது. அறுத்த துண்டைத் தந்தையின் படத்துக்கருகே வைத்திருக்கிறோம். கேட்போரிடம் அது எங்கள் அவசரத்தின் அளவு என்று சொல்லிக்கொள்கிறோம்.