இரண்டு டிகிரி போதாது

நைட்ரஸ் ஆக்சைடு பொருத்திய கார் எஞ்சினில் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, எவ்வளவு பின்னால் வைக்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 டிகிரி. மனப்பாடம் செய்ய எளிது, சொல்லவும் எளிது. ஆனால் இந்த எண் அமெரிக்காவின் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின்களோடு பிறந்தது. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் டிராக் பந்தயத்துக்கு இறங்குவதற்காக, முக்கூடல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பழைய மாருதி எஸ்டீமைத் தயார் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டிக்கு இதே எண்ணை அப்படியே வைத்தால் பிஸ்டனில் ஓட்டை விழ வாய்ப்பு அதிகம். நம் எஞ்சினின் அளவும், நம் பெட்ரோலும், எல்லாவற்றுக்கும் மேலாக நம் வெயிலும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதனால் வேண்டியதைவிடப் பின்னால் வைத்துத் தொடங்கி, எஞ்சின் சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு டிகிரியாக முன்னால் வருவதே இங்கே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

பின்னால் வைப்பது ஏன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பிளக்கில் பொறி விழுந்துவிடும். தீ பரவச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் இந்த முன்கூட்டல். பிஸ்டன் உச்சியைக் கடந்து, கிராங்க் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட்டால்தான் முழு வேலையும் கிடைக்கும். சைக்கிள் பெடல் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அதை மிதித்தால் கால்தான் வலிக்கும், வண்டி நகராது. நைட்ரஸ் செய்வது தீயை விரைவுபடுத்துவது. காற்றில் எடையளவில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். சிலிண்டர் சூட்டில் அது பிரிந்து ஆக்சிஜனை விடும்போது, கூடுதலாக வந்த பெட்ரோலும் சேர்ந்து அடர்த்தியாகவும் வேகமாகவும் எரிகிறது. பொறி பழைய இடத்திலேயே விழுந்தால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் அதன் தலையில் இறங்கும். அந்த அழுத்தமும் சூடும் மூலையில் எரியாமல் கிடக்கும் கலவையைத் தானாக வெடிக்க வைப்பதுதான் நாக்கிங். சி.என்.ஜி. கிட் மாட்டும்போது டைமிங்கை முன்னால் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. அந்த வாயு மெதுவாக எரிகிறது, அதனால் பொறி முன்னால் போகிறது. நைட்ரஸ் விரைவாக எரிய வைக்கிறது, அதனால் பொறி பின்னால் வருகிறது.

இனி எஞ்சினின் அளவு. 5.7 லிட்டர் செவர்லே எஞ்சினில் 50 குதிரைத்திறனைக் கூட்டினால் லிட்டருக்கு 9 கூட வராது. எஸ்டீமின் 1,298 சி.சி. எஞ்சினில் அதே 50 என்பது லிட்டருக்கு 38. மல்ட்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் எஸ்டீமின் மொத்தத் திறனே 85 என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது பாதிக்கும் மேல். அப்படியானால் அங்கே 50க்குச் சொன்ன 2 டிகிரி, இங்கே 11 அல்லது 12 குதிரைத்திறனுக்கே வேண்டியதாகிறது. சிறிய சிலிண்டரில் தீ கடக்க வேண்டிய தூரம் குறைவு, ஆகவே நாக்கிங் வாய்ப்பும் குறைவு என்று இதற்கு ஒரு பதில் உண்டு. அது உண்மைதான். அதனால் இந்த விகிதக் கணக்கை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எங்கே தொடங்குவது என்பதற்கு, கூட்டும் திறனைத் தனி எண்ணாகப் பார்ப்பதைவிட எஞ்சினின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல். 50ஐ விட்டு 20, 25 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொள்வது இன்னும் மேல்.

வெயிலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். நைட்ரஸ் அதை அடைத்து வைக்கும் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, அதைத் தள்ளுவது அதன் சொந்த ஆவியழுத்தம். 20 டிகிரி செல்சியஸில் அது சுமார் 50 பார், 30 டிகிரியில் சுமார் 63 பார். அமெரிக்கக் கிட்டுகளின் ஜெட் (நைட்ரஸும் பெட்ரோலும் போகும் அளவுத் துளை) அட்டவணைகள் பொதுவாக 62 முதல் 69 பார் வரையிலான அழுத்தத்துக்குக் கணக்கிடப்பட்டவை. குளிர்ந்த ஊர்களில் அந்த அழுத்தம் வராது என்பதால் சிலிண்டருக்குச் சூடேற்றும் போர்வை விற்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிரச்சினை நேர் எதிரானது. பாளையங்கோட்டையில் கோடைக்காலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம், மூடிய டிக்கிக்குள் இன்னும் கூடும். நைட்ரஸுக்கோ 36.4 டிகிரி ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே கிடையாது. அழுத்தம் 72 பாரைத் தாண்டி, சிலிண்டரை எவ்வளவு நிரப்பியிருக்கிறோம் என்பதைப் பொறுத்துச் செங்குத்தாக ஏறும், அடர்த்தியோ குறையும். அப்போது ஜெட் வழியாக எவ்வளவு போகிறது என்பதை எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே, 33, 34 டிகிரியில், வேறொரு ஆபத்து. அழுத்தம் கூடுவதால் நைட்ரஸ் கூடுதலாகப் போகும், பெட்ரோல் பம்பின் அழுத்தம் மாறாததால் பெட்ரோல் அதே அளவில் நிற்கும். கலவை வறண்டுபோகும். வறண்ட கலவையும் முன்னால் விழும் பொறியும் சேர்ந்தால் அலுமினியப் பிஸ்டன் உருகச் சில நொடிகளே போதும். சித்திரை மதியத்தில் வைத்த டைமிங்கும் ஆனி மாதச் சாரல் காற்றில் வைத்த டைமிங்கும் ஒரே சிலிண்டருக்கு ஒன்றாக இருக்க முடியாது. சிலிண்டரை நிழலில், ஈரச் சாக்கில் வைத்து, அழுத்தமானியில் 65 பார் அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் டிகிரியைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

பெட்ரோலில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அமெரிக்க வழிகாட்டிகள் 92 ஆக்டேன் என்று எழுதும்போது, அது இரண்டு சோதனை முறைகளின் சராசரி. நம் பங்க்கில் எழுதும் எண் அவற்றில் ஒரு முறைப்படி வருவது. அவர்களுடைய 92 நம் கணக்கில் ஏறக்குறைய 97. நம் பழைய சாதாரண பெட்ரோலின் 91 அவர்கள் கணக்கில் 87தான். அடுத்தது எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95 என்பது நல்ல செய்தி. ஆனால் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்ற விகிதம் இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 ஆகிவிடுகிறது. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய பெட்ரோலுக்கு அளந்த ஜெட்டை அப்படியே விட்டால் கலவை மீண்டும் வறளும்.

இனி எப்படிப் பின்னால் வைப்பது என்ற கேள்வி. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் அதை ரோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பி இறுக்கிவிடலாம். செலவில்லாத வழி. ஆனால் நைட்ரஸ் ஓடாத நேரத்திலும் பொறி பின்னாலேயே நிற்கும், வண்டி மந்தமாகும். நைட்ரஸ் சொலினாய்டு வால்வு திறக்கும்போது மட்டும் பின்னால் இழுக்கும் மின்னணுப் பெட்டி அதைவிட மேல். ஆனாலும் எல்லா வேகத்துக்கும் ஒரே டிகிரி என்பது அதிலும் தொடரலாம். இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஜெட் வழியாக நைட்ரஸ் நொடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் போகிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது அதற்குத் தெரியாது. 6,000 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு சுழற்சிக்குப் பெறும் நைட்ரஸைப் போல இரு மடங்கு 3,000 ஆர்.பி.எம்மில் பெறுகிறது. ஆகவே கீழ் வேகத்தில் பொறி அதிகமாகப் பின்னால் போக வேண்டும், மேல் வேகத்தில் குறைவாகப் போனால் போதும். இதைச் செய்ய வேகத்துக்கேற்ப டைமிங் எழுதக்கூடிய ஈ.சி.யு. (எஞ்சின் கணினி) போன்ற ஒன்று வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் 3,500 ஆர்.பி.எம்முக்குக் கீழே நைட்ரஸ் திறக்காதபடி சுவிட்ச் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பின்னால் வைத்தால் திறன் போய்விடும் என்பது பந்தயக்காரர்களின் முதல் மறுப்பு. சரியான டைமிங்கைச் சுற்றி டார்க் வரைகோடு ஏறக்குறையத் தட்டையாகவே இருக்கும். இரண்டு மூன்று டிகிரி பின்தங்கினால் போவது கொஞ்சம்தான். இரண்டு மூன்று டிகிரி முந்தினால் போவது எஞ்சின். இந்த இரண்டு நட்டங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்தது. அந்தச் சென்சார் நாக்கிங் நடந்த பிறகுதான் கேட்கும். சாதாரண ஓட்டத்தில் இரண்டு தட்டலை எஞ்சின் தாங்கும், நைட்ரஸில் அந்த இரண்டு தட்டலே எஞ்சினை அழிக்கப் போதுமானதாகிவிடக் கூடும். 100 ஆக்டேன் பெட்ரோலும் குளிர்ந்த ரகப் பிளக்கும் போட்டால் டைமிங்கைத் தொடவே வேண்டாம் என்பாரும் உண்டு. அவை தானாக வெடிப்பதைத் தடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் தீ விரைவாகப் பரவுவதை அவை மாற்றுவதில்லை. ஏறிவரும் பிஸ்டனின் தலையில் அழுத்தம் இறங்குவது அப்படியேதான் இருக்கும். இந்த மறுப்புகளில் எனக்கு வலுவானதாகப் படுவது வேறொன்று: அதிகமாகப் பின்னால் வைத்தால் தீ எக்ஸாஸ்ட் வரை எரிந்துகொண்டே போய் வால்வைச் சுட்டுவிடும் என்பது. முழுக்கச் சரி. அதனால்தான் எவ்வளவு பின்னோ அவ்வளவு நல்லது என்று நான் சொல்லவில்லை. பின்னால் தொடங்குவது தேடலின் முதல் படி மட்டுமே. 402 மீட்டர் டிராக் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், அந்தப் படியில் வால்வுக்கு நேரும் சூடு பெரும்பாலும் தாங்கக்கூடியது.

தேடலை முடித்துவைப்பது பிளக். புதுப் பிளக் போட்டு, முழு வேகத்தில் ஓட்டி, முடிவுக் கோட்டைக் கடந்ததும் எஞ்சினை அப்படியே அணைத்து, கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கின் வளைந்த கம்பியில் சூட்டால் நிறம் மாறிய கோடு நுனியருகே இருந்தால் பொறி இன்னும் பின்னால் இருக்கிறது, ஒரு டிகிரி முன்னால் வரலாம். கோடு வளைவில் நின்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடிப்பகுதியை நெருங்கினால் உடனே பின்வாங்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ வெள்ளிப் பொட்டுகளோ தெரிந்தால், நாக்கிங் தொடங்கிவிட்டது, பிஸ்டனின் அலுமினியம் கரைகிறது. இந்தச் சோதனை எதையும் அம்பாசமுத்திரம் சாலையில் செய்யக் கூடாது. பதிவான வண்டியில் தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது, அந்தச் சாலையில் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே போகும் மெக்கானிக்குகளிடம் என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெயில் எத்தனை டிகிரி, சிலிண்டர் அழுத்தம் எத்தனை பார், எந்த பெட்ரோல், எவ்வளவு பின்னால், பிளக்கில் கோடு எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எழுதியதை அடுத்த பட்டறைக்கும் காட்டுங்கள்.