டர்ஹமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

வட கரோலினாவின் பன்றிக்கறி புளிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தணலில் பல மணி நேரம் வெந்த கறியை நார்நாராகப் பிய்த்து, வினிகரும் சிவப்பு மிளகாயும் போட்டுப் பிசைந்து கொடுக்கிறார்கள். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். தட்டு பாதி காலியான பிறகு இன்னொரு தட்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டர்ஹமுக்கு வந்ததே கல்லூரிக் கூடைப்பந்துக்காகத்தான். இங்கே இருப்பது டியூக் பல்கலைக்கழகம், அடர்நீலம். அரை மணி நேரத் தூரத்தில் சாப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம், வெளிர்நீலம். ஊரே இந்த இரண்டு நீலங்களாகப் பிரிந்து கிடக்கிறது. நான் வெளிர்நீலக் கட்சி. 1982 இறுதியாட்டத்தில் முதலாண்டு மாணவன் மைக்கேல் ஜோர்டன் கடைசி நொடிகளில் போட்ட பந்தில் ஜார்ஜ்டவுனை 63-62 என்று வென்ற அணியின் பயிற்சியாளர் டீன் ஸ்மித்மேல் எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே பக்தி உண்டு.

கடையில் கூட்டம். என் மேசையில் வந்து உட்கார்ந்த கறுப்பினப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர், மெரூன் நிறத் தொப்பி. எதற்காக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். "சரி, இந்தப் பக்கத்தில் யார் பெரிய கோச்?"

ஸ்மித் என்றேன். 1,202 வெற்றி, ஐந்து பட்டம் என்று டியூக்கின் கோச் கே புராணத்தை ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "இரண்டு பேருமே இல்லை. ஜான் மெக்லெண்டன்."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மெக்லெண்டன் என்ற பெயரைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஸ்மித்தின் 879 வெற்றிகளை எடுத்து வைத்தேன். அவருடைய 'நான்கு மூலை' ஆட்டத்தைச் சொன்னேன்: நான்கு பேர் மூலைக்கொருவராக நிற்க, நடுவில் ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைத் தின்பது. கல்லூரி ஆட்டத்தில் 45 வினாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கெடு 1985-86 பருவத்தில் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியவர் தன் தட்டிலிருந்த பொரித்த சோளமாவு உருண்டைகளில் நான்கை எடுத்துத் தட்டின் நான்கு மூலையிலும் வைத்தார். நடுவில் தேநீரிலிருந்த எலுமிச்சைத் துண்டு. பிறகு இரண்டு உருண்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இரண்டு மூலையில் ஆள் நிறுத்துவது மெக்லெண்டன் ஆட்டம். மிச்ச இரண்டைத்தான் உங்கள் ஆள் சேர்த்தார்." சொல்லிவிட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் பேசவில்லை, கேட்டேன்.

மெக்லெண்டன் 1933-இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அங்கே பேராசிரியர். அவரிடம் நேரே படித்தார். ஆனால் கறுப்பர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. ஆட்டத்தைப் படைத்தவரின் மாணவனுக்கு ஆட்டத்தில் இடமில்லை! ஒருமுறை வளாகத்து நீச்சல் குளத்தில் இறங்கி நீந்தினார். அவர் கரையேறியதும் குளத்து நீரையே வெளியேற்றிவிட்டார்கள். எங்கள் ஊரில் கிணற்றுக்குக் கிணறு சாதி இருந்த கதையை என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கான்சஸ் எனக்குத் தூர தேசமாகப் படவில்லை.

பிறகு டர்ஹமில் கறுப்பின மாணவர்களுக்கான வட கரோலினா கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்தார். இன்றைய வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம் அதுதான். பாஸ்டன் செல்டிக்ஸுக்காகப் பத்துப் பட்டம் வென்ற சாம் ஜோன்ஸ் படித்ததும் அங்கேதான். எல்லோரும் நின்று நிதானமாகப் பந்தைக் கைமாற்றிய காலத்தில் மெக்லெண்டன் தன் பையன்களை ஓடவிட்டார். எதிராளி மூச்சு வாங்கும்வரை ஃபாஸ்ட் பிரேக், மைதானம் முழுக்க நெருக்கடி.

1944 மார்ச் 12, ஞாயிறு காலை. ஊர் தேவாலயத்தில் இருக்கும் நேரம். டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி இரவல் கார்களில் வந்தது. இறங்கும்போது கோட்டுகளைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் கதவுகளைப் பூட்டியாயிற்று. நடுவர் உண்டு, கடிகாரம் உண்டு, பார்வையாளர் இல்லை. விஷயம் கசிந்து சில மாணவர்கள் மட்டும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே களத்தில் ஆடுவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். அதே ஆண்டு ஜூலையில் இதே ஊரில், பேருந்தின் பின்பக்கம் போக மறுத்து வாதிட்ட புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினப் படைவீரரை ஓட்டுநர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அந்த ஓட்டுநரை விடுதலை செய்தது.

ஆட்டம் 88-44. மெக்லெண்டனின் பையன்கள் வென்றார்கள். இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே மாதக் கடைசியில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் யூட்டா டார்ட்மத்தை வென்றது 42-40. அதுவும் கூடுதல் நேரத்தில். நாட்டின் சாம்பியன் எடுத்த புள்ளிகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால்.

பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. சிறிது நேரம் இளைப்பாறிவிட்டு இரு அணிகளையும் கலந்து பிரித்துக்கொண்டு மறுபடி ஆடினார்கள். ஒரு பக்கம் சட்டையோடு, மறுபக்கம் வெற்று மார்போடு. பிறகு மாணவர் விடுதிக்குப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சேதி தெரிந்த கறுப்பினப் பத்திரிகைக்காரரும் ஒரு வரி எழுதவில்லை. 1996-இல் வரலாற்றாசிரியர் ஸ்காட் எல்ஸ்வொர்த் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஸ்மித்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இளம் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோதே சாப்பல் ஹில்லில் வெள்ளையர் மட்டும் சாப்பிட்ட உணவகத்துக்கு ஒரு கறுப்பின மாணவரோடு போய் உட்கார்ந்தவர் அவர். பிறகு சார்லி ஸ்காட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை அணிக்குக் கொண்டுவந்தார். பெரியவர் இதை மறுக்கவில்லை. "நல்ல மனிதர்" என்றார். ஆனால் ஸ்மித் தொடங்கும்போது கதவு கொஞ்சமாவது திறந்திருந்தது. பூட்டிக்கொண்டு ஆட வேண்டியிருந்தவரைத்தான் நான் இப்போது முதலில் வைக்கிறேன்.

டென்னசி ஸ்டேட் அணியோடு 1957, 58, 59 என்று தொடர்ந்து மூன்று முறை என்.ஏ.ஐ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தேசியப் பட்டம் வென்றவர் மெக்லெண்டன். 1979-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவரை 'பங்களிப்பாளர்' என்று சேர்த்தது. பயிற்சியாளர் என்று சேர்த்தது 2016-இல்; அவர் இறந்து பதினேழு ஆண்டுக்குப் பிறகு. இந்த இடத்தில் பெரியவரின் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையிலிருந்த அடர்நீலச் சட்டை இளைஞர்கள் மூவர் யார் அது என்று கேட்டார்கள். அவர் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, 1933-இலிருந்து ஆரம்பித்தார்.