வாத்தின் பாஷை

அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா மாகாணத்திலே ஸ்டட்கார்ட் என்று ஓர் ஊர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்கள். சிந்திய மணிகளைத் தேடிக் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து காட்டு வாத்துக்கள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கும். பின்னாலேயே வேட்டைக்காரர்களும் வந்து சேருவார்கள்.

வளர்ப்பு வாத்துக்களைக் கட்டி வைத்துக் காட்டு வாத்துக்களை ஏமாற்றும் வழக்கத்தை அமெரிக்க சர்க்கார் 1935-ல் தடுத்துவிட்டனர். ஊதுகுழலுக்கு மவுசு ஏறியது. மரக்குழாய், உள்ளே மெல்லிய நாக்கு ஒன்று, அவ்வளவே. ஆனால் புதிதாகக் கற்பவன் கன்னத்தை உப்பி ஊதினால் ஊளைதான் கேட்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுகிறோமே, அப்படி அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும். உரக்கக் கத்துவது பெட்டை; ஆணுக்குக் கரகரத்த மெல்லிய குரலே. எனவே பெட்டையின் பாஷையையே பயில வேண்டும். வாத்துக்கள் வாலைக் காட்டித் திரும்புகையில் கூப்பிட வேண்டும். நேரே வருகையில் மௌனம். இந்தப் பின்பாடந்தான் கடினம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்! தன் இனத்தின் குரலை நம்பி இறங்கும் பறவையை நினைத்தால், வித்தையை மெச்சும்போதே மனம் உறுத்துகிறது.

1936-ல் அவ்வூர்ப் பெரிய வீதியில் வாத்துக்குரல் போட்டி முதன்முதலாக நடந்தது. பரிசு, 6 டாலர் 60 சென்ட் பெறுமான வேட்டை அங்கி. மிஸிஸிப்பி மாகாணத்துத் தாமஸ் வால்ஷ் அதை வென்றார். குழலையே தொடாமல், வெறுந் தொண்டையால்!