ஆட்டக்காரர் முகாமையாளரான கதை: பிறையன் கிளஃப் பற்றிய சில சிந்தனைகள்

கலைத்துறை மாணவர் கட்டுரை எழுதப் புகும்போது இலக்கியத்தையோ வரலாற்றையோ சமூகவியலையோ பொருளாகக் கொள்வதே வழக்கம். உதைபந்தாட்டக் கழகங்களின் முகாமையாளர் ஒருவரைப் பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு மாத்திரமன்று. அதனைத் தொழிலாகக் கொண்டு வாழ்வோர் உளர். அத்தொழிலை இடைவழியில் இழந்தோரும் உளர். தனக்கு நன்கு கைவந்த ஒன்றை இழந்த மனிதன் எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு அமைத்துக்கொள்கிறான் என்ற வினா இலக்கியத்துக்கு உரியது போலவே மைதானத்துக்கும் உரியது. இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் பிறையன் கிளஃப் (1935 - 2004) தமது வாழ்க்கையால் அளித்த விடை முழுமையான விடையன்று. எனினும் அது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள மிடில்ஸ்பரோ இரும்புருக்குத் தொழிலால் வளர்ந்த நகரம். அங்கு, பிள்ளைகள் பலரைக் கொண்ட தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர் கிளஃப். பதினொரு வயதிலே பிள்ளைகளைத் தரம்பிரித்து வெவ்வேறு பாடசாலைகளுக்கு அனுப்பும் பரீட்சை அக்காலத்து இங்கிலாந்தில் இருந்தது. அதில் அவர் சித்தியடையவில்லை. பதினைந்தாவது வயதிற் பாடசாலையை விட்டு, இரசாயனக் கைத்தொழில் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஏட்டுக் கல்வி கைவிட்ட அவரைக் காலிற் பட்ட பந்து கைவிடவில்லை. மிடில்ஸ்பரோ கழகத்துக்கும் பின்னர் சண்டர்லாண்ட் கழகத்துக்கும் நடு முன்னணி வீரராக ஆடி, 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்களைப் போட்டார். அவற்றுட் பெரும்பாலானவை இரண்டாம் பிரிவிற் போடப்பட்டவை என்பது உண்மையே. இங்கிலாந்து அணிக்காக 1959இல் இரண்டே ஆட்டங்களில் மாத்திரம் அவர் ஆடினார் என்பதும் உண்மையே. ஆயினும் ஏறத்தாழ ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற அவ்விகிதத்தை எட்டியவர் மிகச் சிலராவர்.

1962ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாள், சண்டர்லாண்ட் மைதானத்தில் பெரி கழகத்துக்கெதிரான ஆட்டம் நடைபெற்றது. பந்தைத் துரத்திச் சென்ற கிளஃப், எதிரணியின் பந்துக்காப்பாளருடன் மோதி வீழ்ந்தார். முழங்கால் மூட்டின் நார்கள் அறுந்தன. இன்றைய சத்திர சிகிச்சை அக்காலத்தில் இருந்திருப்பின் அவர் மீண்டும் ஆடியிருக்கலாம். அன்றோ அக்காயம் ஆட்டக்காரனுக்கு விதிக்கப்பட்ட தீர்ப்பாகவே இருந்தது. 1964இல் மூன்று ஆட்டங்களுக்கு மாத்திரம் திரும்பி வந்தார், பின்னர் ஓய்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 29.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். கூறாவிடின் இக்கட்டுரை ஏன் எழுதப்பட்டது என்பது விளங்காது. பாடசாலை நாள்களிற் பின்வரிசையில் ஆடியவன் நான். பல்கலைக்கழகத்துக்கு வருமுன்னரே என் வலது முழங்கால் கெட்டது. இனி ஆடலாகாது என வைத்தியர் கூறிவிட்டார். கிளஃபின் இழப்போடு என் இழப்பை ஒப்பிடுவது பொருந்தாது. அவருக்கு அது தொழில். எனக்கு அது மாலைப்பொழுது. ஆயினும் மாலைதோறும் மைதானத்தின் ஓரத்திலிருந்து நண்பர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் மனநிலை எத்தகையது என்பதை நான் அறிவேன். அதில் ஆசை உண்டு. இன்னொருவன் பந்தைத் தவறவிடும்போது எழும் சிறியதொரு மகிழ்ச்சியும் உண்டு. இவ்வாண்டு எமது பீட அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்குமாறு நண்பர்கள் கேட்டனர். ஆடமுடியாதவன் ஆடுபவர்களை வழிநடத்தலாமா, வழிநடத்தும்போது அந்தக் கசப்பும் கூடவே வந்து சேராதா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அதன் பின்னரே கிளஃபின் வாழ்க்கையை ஊன்றி நோக்கலானேன்.

1965 ஒக்ரோபரில் ஹாற்றில்பூல்ஸ் யுனைற்றட் என்னும் கழகத்தின் முகாமையாளராகக் கிளஃப் நியமிக்கப்பட்டார். நான்காம் பிரிவின் அடித்தளத்திற் கிடந்த வறிய கழகம் அது. அப்பதவியை அவர் தனியே ஏற்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மிடில்ஸ்பரோவில் தம்முடன் இருந்த பந்துக்காப்பாளர் பீற்றர் ரெயிலரைத் தமக்குத் துணையாக அழைத்துக்கொண்டார். சிறந்த வீரரைப் பிறர் காணுமுன் காணும் கண் ரெயிலருக்கு இருந்தது. அவ்வீரரை இணங்கவைக்கும் நாவும் ஆடவைக்கும் துணிவும் கிளஃபிடம் இருந்தன. கழகத்தின் செலவைக் குறைப்பதற்காகப் பேருந்து ஓட்டுவதற்கான அனுமதிப்பத்திரத்தையும் கிளஃப் பெற்றுக்கொண்டார் என்பர். 1967இல் அக்கழகம் எட்டாம் இடத்துக்கு உயர்ந்தது.

அவ்வாண்டே இருவரும் இரண்டாம் பிரிவிலிருந்த டேர்பி கவுன்ரி கழகத்துக்குச் சென்றனர். 1969இல் அக்கழகம் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று முதலாம் பிரிவுக்கு உயர்ந்தது. 1972இல் தன் வரலாற்றில் முதன்முறையாக இங்கிலாந்தின் லீக் வாகையைச் சூடியது. இவ்வெற்றியின் காரணங்களை நோக்குமிடத்து, டேவ் மக்காய் என்பவரின் கதை விதந்து கூறத்தக்கது. 33 வயதைக் கடந்து, ஆட்டவாழ்வின் அந்தியில் நின்ற அவரை 1968இல் டேர்பிக்கு அழைத்து வந்தனர். ஓடியாடிக் களத்தை நிறைத்த அவரைப் பின்வரிசையில் நிறுத்தி, ஆட்டத்தைப் படித்து இளைஞரை இயக்கும் பணியை ஒப்படைத்தனர். கால் தளர்ந்தாலும் ஆட்டம் பற்றிய அறிவு தளர்வதில்லை என்ற உண்மையை, கால் இழந்த கிளஃபை விட வேறு எவர் நன்கு அறிந்திருப்பர்!

1973இல் கழகத் தலைவருடன் ஏற்பட்ட பிணக்கினால் கிளஃபும் ரெயிலரும் டேர்பியை விட்டு விலகினர். கிளஃப் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் தடையின்றிப் பேசி வந்தமை அப்பிணக்குக்கு ஒரு முக்கிய காரணம். இருவரும் பிறைற்றன் கழகத்துக்குச் சென்றனர். 1974இல் லீக் வாகையரான லீட்ஸ் யுனைற்றட் கழகம் அழைத்தபோதோ கிளஃப் மாத்திரமே சென்றார்; ரெயிலர் பிறைற்றனிலேயே தங்கிவிட்டார். லீட்ஸில் அவர் இருந்தது 44 நாள்கள். ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றிலேயே அணி வெற்றி பெற்றது. முதற் கூட்டத்திலேயே, நீங்கள் பெற்ற பதக்கங்கள் நேர்மையாகப் பெறப்பட்டவையல்ல, அவற்றைக் குப்பைத்தொட்டியில் எறியுங்கள் என்ற பொருள்பட வீரரிடம் பேசினார் எனக் கூறப்படுகிறது. அதனிலும் என்னை வருத்துவது, காயங்களால் நெடுங்காலம் அவதியுற்ற எடி கிரே என்னும் வீரரிடம் அவர் கூறியதாகச் சொல்லப்படும் வார்த்தை. பந்தயக் குதிரையாயிருந்தால் உன்னை எப்போதோ சுட்டிருப்பார்கள் என்பதே அதன் கருத்து. தங்கள் வாழ்க்கையையும் காயம்தானே முடித்தது எனக் கிரே அவருக்கு நினைவூட்டினாராம்.

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். எமது நாவல்களும் நாடகங்களும் பெரும்பாலும் அந்நம்பிக்கையின் மீதே எழுந்தவை. ஆனால் தாம் பட்ட அதே துன்பத்தைப் பட்டவன் எதிரே நின்றபோது கிளஃபின் வாயிலிருந்து வந்தது அனுதாபமன்று. துன்பம் தானாக எதனையும் கற்பிப்பதில்லை. தன் காயத்தை மறக்க விரும்புபவனுக்குப் பிறன் காயம் எரிச்சலையே ஊட்டுகிறது. இதனை வாசித்த அன்று, மைதான ஓரத்தில் எனக்குத் தோன்றும் அச்சிறு மகிழ்ச்சியை நினைத்து அஞ்சினேன்.

ஆயினும் கிளஃபின் கதை லீட்ஸோடு முடியவில்லை. 1975 ஜனவரியில், இரண்டாம் பிரிவில் 13ஆம் இடத்திலிருந்த நொட்டிங்ஹாம் ஃபொறஸ்ற் கழகத்தை அவர் பொறுப்பேற்றார். 1976இல் ரெயிலர் மீண்டும் வந்து சேர்ந்தார். இதன் பின்னர் நிகழ்ந்தவை கற்பனைக் கதை போன்றவை. 1977இல் மூன்றாம் இடத்தைப் பெற்று முதலாம் பிரிவுக்கு உயர்ந்த அக்கழகம், மறு ஆண்டே லீக் வாகையரானது. 1977 நவம்பர் முதல் 1978 டிசம்பர் வரை 42 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. 1979இல் மியூனிக் நகரில் சுவீடனின் மல்மோ கழகத்தையும், 1980இல் மட்ரிட் நகரில் ஜேர்மனியின் ஹம்பேர்க் கழகத்தையும் ஒன்றுக்குப் பூச்சியம் என வென்று, ஐரோப்பியக் கிண்ணத்தை இருமுறை தொடர்ந்து கைப்பற்றியது.

இவ்வெற்றியைப் பணத்தின் விளைவென்று கூறுவோர் உளர். 1979இல் ட்ரெவர் பிரான்சிஸ் பத்து இலட்சம் பவுண் கொடுத்து வாங்கப்பட்டதும், அவரே மியூனிக்கில் வெற்றிக் கோலைத் தலையால் இட்டதும் உண்மை. ஆனால் அக்கோலுக்கான பந்தை இடப்பக்கத்திலிருந்து உயர்த்திக் கொடுத்தவர் ஜோன் றொபேட்சன். மட்ரிட்டில் வெற்றிக் கோலை இட்டவரும் அவரே. கிளஃப் வந்தபோது அவர் உடல் பருத்து, எவராலும் பொருட்படுத்தப்படாது கழகத்திற் கிடந்தவர். முன்னணியில் ஆடிய கெனி பேர்ண்சைப் பின்வரிசைக்கு மாற்ற, அவர் 1978இல் நாட்டின் சிறந்த வீரரெனப் பத்திரிகையாளராற் தெரிவுசெய்யப்பட்டார். இரு இறுதியாட்டங்களிலும் தலைமை தாங்கிய ஜோன் மக்கவன், ஹாற்றில்பூல்ஸில் சிறுவனாக ஆடத் தொடங்கி, கிளஃபைப் பின்தொடர்ந்து டேர்பிக்கும் லீட்ஸுக்கும் ஃபொறஸ்றுக்கும் வந்தவர். எதிரணியைப் பற்றிய நீண்ட விரிவுரைகள் கிளஃபிடம் இல்லை. அவரவர்க்கு இயன்றதை எளிய சொல்லிற் கூறி, அதனையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தமையே அவர் முறை எனலாம். நடுவருடன் வாதிடுவதை அவர் அனுமதிக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

வெற்றியோடு வீழ்ச்சியும் வளர்ந்தது. 1981இல் பத்து இலட்சம் பவுணுக்கு வாங்கிய ஜஸ்ரின் ஃபஷானு என்னும் கறுப்பின இளைஞர் தன்பாலின நாட்டமுடையவர் என்பது தெரியவந்தபோது, அவரை இழிவுபடுத்தி ஒதுக்கினார். இனவாத எதிர்ப்பியக்கத்துக்கு ஆதரவளித்து, சோசலிசவாதி எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் இவ்வாறு நடந்தமை சிந்திக்கத்தக்கது. கொள்கை ஒருபுறமிருக்க, அதிகாரம் மறுபுறம் தன் வேலையைச் செய்தது. 1982இல் ரெயிலர் ஃபொறஸ்றை விட்டு விலகிப் பின்னர் டேர்பிக்குச் சென்றார். 1983இல் அதே றொபேட்சனைக் கிளஃபுக்கு அறிவியாமலே டேர்பிக்கு அழைத்துக்கொண்டார். அதன்பின் இருவரும் பேசவில்லை. 1990இல் ரெயிலர் இறந்தார். மீண்டும் ஐரோப்பியக் கிண்ணமோ லீக் வாகையோ கிளஃபுக்குக் கிட்டவில்லை. மதுப் பழக்கம் அவரை உருக்குலைத்தது. 1993இல் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்க, அவரும் ஓய்வு பெற்றார்.

கிளஃபை ஓர் இலட்சிய புருடராகக் கொள்ள என்னால் இயலவில்லை. ஆனால் என் ஐயத்துக்கு அவர் வாழ்க்கை ஓரளவு விடை தந்தது. களத்தை விட்டு வெளியேற்றப்பட்டவன் களத்துள் இருப்போர் காணாததைக் காணலாம். அந்தப் பார்வை பிறரை உயர்த்தவும் பயன்படும், குத்தவும் பயன்படும். தனித்திருந்த லீட்ஸில் அது குத்தியது. ஒத்த ஒருவர் அருகிருந்து தடுத்தும் திருத்தியும் நின்ற டேர்பியிலும் நொட்டிங்ஹாமிலும் அது பெரிதும் உயர்த்தியது. ஆகவே பீட அணியின் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அதனை என் வகுப்புத் தோழன் ஒருவனோடு பகிர்ந்துகொள்வேன் என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டேன். என் சொல் வரம்பு மீறும்போது அதனை என் முகத்துக்கெதிரே கூறக்கூடியவன் அவன்.

டேர்பியையும் நொட்டிங்ஹாமையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கு 2005இல் கிளஃபின் பெயர் சூட்டப்பட்டது. 2010இல் டேர்பி கழகத்தின் மைதானத்துக்கு வெளியே நிறுவப்பட்ட சிலையிலோ அவர் தனித்து நிற்கவில்லை. ரெயிலரும் உடன் நிற்கிறார். வாழ்நாளின் இறுதியில் ஒருவரோடொருவர் பேசாதிருந்த அவ்விருவரையும் ஊர் மக்கள் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை போலும்.