ஒன்பதாம் கட்டில்

மார்ச் 4, செவ்வாய்

நர்சிங் மாணவிகள் எழுதிய கேர் பிளான்களை, அதாவது நோயாளிப் பராமரிப்புத் திட்டங்களைத் திருத்தினேன். முடக்குவாத நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே வரி: "மூட்டு அழற்சியால் நாள்பட்ட வலி." தவறில்லை. 3 மாதத்தைத் தாண்டிய வலியை அப்படித்தான் எழுதுவோம். ஆனால் இந்த வரியை வைத்துக்கொண்டு நாளைக் காலை ஒன்பதாம் கட்டில் அம்மாவுக்கு என்ன செய்வது? முடக்குவாதம் என்று கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. அந்த நோயோடு நோயாளி எப்படிப் பொழுதைக் கழிக்கிறார் என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

மார்ச் 5, புதன்

ஒன்பதாம் கட்டில் அம்மா பூக்கட்டுபவர். வலி பத்துக்கு எவ்வளவு என்று மாணவி கேட்டாள். "அஞ்சு, ஆறு இருக்கும் பாப்பா." அதைக் குறித்துவிட்டு நகரப் போனாள். நான் உட்கார்ந்து, காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"விரல் மடங்கவே ஒம்பது மணி ஆயிரும் சிஸ்டர். சொம்பு புடிக்க முடியாது. மருமகதான் தலை சீவி விடுறா. பூவைத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு."

முட்டித் தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். விடியற்காலையில் குளிக்கச் சொல்லும் வார்டு வழக்கம் இவருக்குக் கொடுமை. இப்போது மாணவி எழுதினாள்: குளிப்பதிலும் தலைவாருவதிலும் தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாமை, காரணம், கை மூட்டு வலியும் காலை இறுக்கமும், அடையாளம், சொம்பைப் பிடிக்க முடியவில்லை என்கிறார். இப்படி எழுதியதும் செய்ய வேண்டியது தானாக வந்தது: வெந்நீரில் கை வைத்து, விரல்களை அசைத்து, ஒன்பதரைக்குமேல் குளியல்.

மார்ச் 6, வியாழன்

"சிரித்துப் பேசுகிறாரே, நாடியும் சீராக இருக்கிறதே" என்றாள் இன்னொருத்தி. நாள்பட்ட வலியில் நாடியும் ரத்த அழுத்தமும் ஏறாமலே இருக்கலாம். நோயாளி வலி இருக்கிறது என்றால் இருக்கிறது என்று செவிலியர் மார்கோ மக்காஃப்ரி 1968-லேயே எழுதிவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

அந்த அம்மாவிடம் மாத்திரை பற்றிக் கேட்டபோது திக்கென்றது. முடக்குவாதத்துக்கு அவர் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். வலி கூடினால் நடுவிலும் ஒன்று போட்டுக்கொள்வாராம். எலும்பு மஜ்ஜையையே அது முடக்கிவிடலாம். உடனே டாக்டரிடம் சொன்னோம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கேர் பிளானில் முதல் வரியே மாறியது: மருந்து எடுக்கும் முறை பற்றிய அறிவுக் குறைவு. மருமகளையும் அழைத்து, கிழமையைச் சொல்லி, காலண்டரில் வட்டமிடச் சொன்னோம்.

மார்ச் 10, திங்கள்

மாணவிகளிடம் சொல்லிவிட்டேன். நோயாளி தன் வாயால் சொன்ன ஒரு வாக்கியமாவது இல்லாத கேர் பிளானில் இனி கையெழுத்துப் போட மாட்டேன்.