அப்பாவின் வேலி

மும்பையில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, ஊர் என்றதும் நெஞ்சில் எழுவது ஒரு மரவேலி. போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாகச் சென்றால், கொழுக்குமலைக்கு ஜீப்புகள் புறப்படும் சூரியநெல்லிக் கடைவீதிக்குச் சற்றுக் கீழே எங்கள் வீடு. அதைச் சுற்றி என் தந்தையார் நட்ட வேலியின் கம்பியில் தகர டப்பாக்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றினுள்ளும் இரண்டு கூழாங்கற்கள். ஆனையிறங்கல் பக்கத்து யானைகளுக்கு மரவேலி ஒரு பொருட்டா? அவற்றைத் தடுப்பதற்கன்று, வந்துவிட்டன என்று நம்மை எழுப்புவதற்கே அந்த ஏற்பாடு.

2024 தைப்பொங்கலுக்குச் சென்றபோது வேலி மக்கிச் சாய்ந்திருந்தது. அதையொட்டிய மரவராந்தாவில் பலகை முறிந்து தங்கை மகனின் கால் உள்ளே போயிற்று. இரண்டையும் அகற்றிவிட முடிவு செய்தோம்.

இடிக்கும் தொழிலில்தான் எத்தனை கணக்கு! ஒருவர் ஜேசிபி கொண்டுவந்து அரை நாளில் முடிப்பதாகச் சொல்லி வாடகை கேட்டார். மற்றவரோ, "காசே வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். என்ன பெருந்தன்மை என்று நான் வியந்து நிற்க, போடியிலிருந்து வந்து குடியேறிய முதிய ஆசாரி வராந்தா உத்தரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "மேலே பாசி, உள்ளே தேக்கு, தம்பி. அவரு ஏன் காசு கேப்பாரு?" ஊரில் பழைய வீடு வைத்திருக்கும் அன்பர்கள், மரம் யாருக்கு, குப்பையை அள்ளுவது யார் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நன்று.

ஆகவே இயந்திரக்காரரையே அழைத்தேன். வண்டி மேட்டில் ஏறி வந்ததும் அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டனர். 2007 மே மாதம் மூணாறு வட்டாரத்தில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை அரசு இடித்தபின், அந்த மஞ்சள் வண்டியைக் கண்டால் இங்கே யாருக்கும் மனம் நிலைகொள்வதில்லை. அம்மா வேலிக்காலைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "ஏய்யா, கல்லு எங்கேன்னு பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. சர்வே கற்களை ஒட்டித்தான் அப்பா வேலி போட்டிருந்தார். வடகிழக்கு மூலைக்கல் மண்ணுள் மறைந்து எத்தனையோ காலமாயிற்று. அதற்கு வேலியே அடையாளம். பட்டா கையில் இருந்தாலும், அந்த வாளி கல்லையும் மண்ணோடு அள்ளிப் போயிருந்தால் எல்லையை எதைக் கொண்டு காட்டுவது? அடுத்த வீட்டுப் பெரியவரை உடன்வைத்துக்கொண்டு ஆசாரி கடப்பாரையால் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் கல் தென்பட்டது. பெரியவரே குனிந்து மண்ணைத் துடைத்தார். காத்திருந்த நேரத்துக்கு வாடகை கொடுத்து வண்டியை அனுப்பிவிட்டேன். ஆசாரியும் இரண்டு ஆட்களும் மூன்று நாளில் ஆணி ஆணியாகக் கழற்றினர். தேக்குச் சட்டங்கள் கொல்லையில் அடுக்கப்பட்டன.

மூன்றாம் நாள் இரவு அம்மா உறங்கவில்லை.

"அரிக்கொம்பனைத்தான் போன வருஷம் பிடிச்சுக் கொண்டுபோயிட்டாங்களே, அம்மா?"

"ஒண்ணத்தானே கொண்டுபோனாக?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே சென்றேன். குப்பையில் கிடந்த டப்பாக்களுள் துருப்பிடிக்காத நான்கைத் தேர்ந்து, கொய்யா மரத்துக்கும் வாசற்காலுக்கும் இடையே கம்பி இழுத்துக் கட்டினேன். உள்ளே போடக் கூழாங்கற்களை அம்மா மடியில் கொண்டுவந்தார்.