கயலுக்குச் சித்தி எழுதுவது

அன்புள்ள கயல்,

"முதல் நாளே எல்லார் முன்னாடியும் உளறிட்டேன் சித்தி, ஹாஸ்டல்ல யாருக்கும் என்னைப் பிடிக்கல" என்று நேற்று அழுதாயே, அதற்குப் போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

உன் உளறலை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று நினைக்கிறாய்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவும் ஒரு மாணவருக்குப் பாரி மேனிலோ படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். (மேனிலோ ஒரு பாடகர். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அவர் படத்தோடு திரிவது மானக்கேடு.) பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள் என்று கூனிக் குறுகினார் போட்டிருந்தவர். பார்த்தது ஏறக்குறைய நாலில் ஒருவர். 2000-இல் வெளிவந்த ஆய்வு இது. அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. நம் ஊரில் வேடிக்கை பார்ப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம், சத்தியம் செய்ய மாட்டேன்.

பிடிக்கவில்லை என்றாயே, அதற்கும் 2018-இல் எரிகா பூத்பி குழுவினர் செய்த ஆய்வு இருக்கிறது. முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டுக் கேட்டால், தங்களை மற்றவருக்கு உண்மையில் பிடித்த அளவைவிடக் குறைவாகவே கணக்குப் போடுகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் இந்த எண்ணம் மாதக்கணக்கில் நீடித்ததாம். உன் ரூம்மேட்டும் இந்நேரம் அவள் வீட்டுக்குப் போன் போட்டு இதையே புலம்பியிருப்பாள்.

எனக்குப் பிடித்த ஆய்வு இவற்றைவிடப் பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து வெஸ்ட்கேட் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று பெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் ஆராய்ந்து 1950-இல் புத்தகம் போட்டார்கள். ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரர் நண்பராவது 41 சதவீதம். மாடியின் இரு கோடிகளில் இருப்பவர்கள் வெறும் 10. நடுவில் இருந்ததோ நூறடிக்கும் குறைவான தூரம்தான்! மாடிப்படி அருகே குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் சிநேகிதம் கிடைத்தது. குணம், ரசனை, மனப்பொருத்தம் என்று நாம் பெரிதாகப் பேசுவதில் பாதியைக் கதவும் படிக்கட்டுமே முடித்துவிடுகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உன் அறை காரிடாரின் கடைசியில் என்றாய். அப்படியானால் படிக்கிற நேரத்தில் கதவைத் திறந்து வை. சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று பேசு. அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை இன்னும் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பாய், தெரியும். வெளியே எடு, நமத்துப்போகும்.

அன்புடன்,
சித்தி